பழைய ஸ்கூட்டரின் முன் பிரேக் பிடிக்காதது அதன் பிறவிக் குணம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பகுதிகளில் இரண்டாங்கட்டுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் சாக்கு மூடிக் கிடந்த பழைய ஸ்கூட்டர்களைப் பேரப்பிள்ளைகள் வெளியே தள்ளி வந்து, வண்ணம் பூசி, இருக்கை தைத்து, மீண்டும் தெருவில் ஓட்டத் தொடங்கியிருப்பதை நான் மகிழ்ச்சியோடு பார்த்து வருகிறேன். ஒரு காலத்தில் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டிகள் அவை. கடல் கடந்து சென்ற உறவினர் அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் காத்திருப்பு குறையும் என்பதால், மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பணத்தில் இந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. அவற்றை இரும்புக் கடைக்குப் போடாமல் காப்பாற்றுகிறவர்களுக்கு என் பாராட்டு. ஆனால் வண்ணத்துக்கும் மின்முலாம் பூச்சுக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடும் இவர்களில் பெரும்பாலோர் முன் சக்கரத்துப் பிரேக்கைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதை அண்மையில் என் கண்முன்னால் உணர்ந்தேன். என் வண்டியிலும் அதே குறை இருந்தது. ஆகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற தை மாதம், பழநிக்குப் பாதயாத்திரை செல்வோர் சாரிசாரியாக நடந்து கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், பேரனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு என் தந்தையார் விட்டுச்சென்ற பஜாஜ் சேட்டக்கில் குன்றக்குடி நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. சாலையோரத்தில் நடந்து சென்ற அம்மையார் ஒருவர், எதிர்ப்புறம் தண்ணீர் வழங்கிக் கொண்டிருந்த பந்தலைப் பார்த்ததும் சட்டென்று குறுக்கே திரும்பினார். வலது கையால் முன் பிரேக்கை இழுத்தேன். லீவர் கைப்பிடியில் வந்து ஒட்டிக்கொண்டதே தவிர, வண்டி வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. காலால் பின் பிரேக்கை மிதித்ததும் பின் சக்கரம் இறுகி, ஓரத்துச் செம்மண் சரளையில் வால் பக்கம் இழுத்துக்கொண்டு போய், அந்த அம்மையாரின் காவித் துணிக்கு ஒரு முழ இடைவெளியில் நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. முருகா என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

மறுநாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். எங்கள் பகுதியில் நல்ல பெயர் உள்ள பட்டறைதான். அங்கிருந்தவர் லீவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஐயா, பழைய ஸ்கூட்டர் என்றால் முன் பிரேக் அப்படித்தான் இருக்கும், கால் பிரேக்கை நம்பி ஓட்டுங்கள்" என்று சொல்லி, கேபிளின் திருகை நான்கு சுற்று இறுக்கி அனுப்பினார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊரில் எல்லாரும் அதையே நம்புகிறோம். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த என் தந்தையாரும், "முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார். இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒன்றையொன்று வளர்த்து வந்திருக்கின்றன என்பது என் கருத்து. விழுந்துவிடுவோம் என்று பயந்து முன் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுகிறோம். தொடாததால் கேபிள் காய்ந்து துருப்பிடிக்கிறது, பிரேக் கட்டைகளை விரிக்கும் கேம் இறுகிப் போகிறது, கட்டைகளின் மேல் ஒட்டிய உரசும் பட்டையான லைனிங் கண்ணாடிபோல் மெருகேறிப் பிடிமானத்தை இழக்கிறது. பிறகு என்றோ ஒருநாள் ஆபத்தில் இழுக்கும்போது பிடிக்காமல் போகவே, "பார்த்தீர்களா, முன் பிரேக் வீண்" என்கிறோம்.

வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கே உரியது. ஓடும் வண்டி வேகம் குறையும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்வதை, பின்னால் அமர்ந்திருப்பவர் நம் முதுகில் வந்து முட்டுவதிலிருந்தே அறியலாம். அந்தக் கணத்தில் முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் டயரோ பாரம் குறைந்து எளிதில் சறுக்குகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் பிடிமானம் குறைந்துகொண்டே போகும் சக்கரத்தை நம்புகிறார். வேகத்தின் கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப்போல் 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டேகால் மடங்கை விழுங்கியாக வேண்டும். குறுகிய தெருக்களில் மெதுவாக ஓடிய காலத்தில் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்தது. இன்று அதே வண்டி திருச்சி – இராமேசுவரம் நெடுஞ்சாலையில், டிஸ்க் பிரேக் பொருத்திய வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறது. முன்னே செல்பவர் நிற்கும் தூரத்தில் நம்மால் நிற்க முடியாது.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கடைசல் பிரிவில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான் என்பதால், அந்த இறுக்கிய திருகோடு மனம் அமைதி அடையவில்லை. வீட்டுத் திண்ணைக்கு அருகில் வண்டியைச் சாய்த்துவைத்து, முன் சக்கரத்தையும், அதோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மையும் நானே கழற்றினேன். டிரம்முக்குள் பிரேக் ஷூக்கள் எனப்படும் இரண்டு வளைந்த கட்டைகள் உள்ளன. ஒரு முனையில் ஊசியில் மாட்டிக்கொண்டு, மறுமுனையில் ஒரே ஒரு கேம் திரும்பும்போது விரிந்து டிரம்மின் உட்சுவரில் உரசுகின்றன. சக்கரம் சுழலும் போக்கில் விரியும் ஷூவை டிரம் தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். எதிர்ப்போக்கில் உள்ள ஷூவையோ தள்ளிவிடும். அதாவது இரண்டு ஷூக்களில் ஒன்றுதான் முழுமையாக உழைக்கிறது. வெஸ்பா வழியில் வந்த இந்த அமைப்பின் இயல்பான எல்லை அதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வண்டியில் உழைக்க வேண்டிய அந்த ஒரு ஷூவும் உழைக்கவில்லை. லைனிங்கில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மீண்டும் மாட்டி, லீவரை இலேசாகப் பிடித்துக்கொண்டு டிரம்மைச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஷூவின் முழு வளைவிலும் அழிந்திருக்க வேண்டிய சாக்குப்பொடி நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டுமே அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. இத்தனை ஆண்டுகள் அந்தக் கட்டைவிரல் அகலத்தை நம்பித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றிருக்கிறேன்.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறையில் பாதி அதில் இருந்தது. கைப்பிடியிலிருந்து புறப்பட்டு, தண்டுக்குள் இறங்கி, சக்கரத்தின் ஓரத்தில் கேமைத் திருப்பும் கை எனப்படும் சிறு நெம்புகோல் வரை அது வளைந்து வளைந்து வருகிறது. லீவரை முழுவதும் இழுத்தாலும் உள்கம்பி நகர்வது ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கும் குறைவே. அந்தச் சிறு நகர்விலிருந்து திருட்டுப் போவதெல்லாம் பிரேக்கிலிருந்து திருட்டுப் போவதுதான். உள்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளியுறையான அவுட்டர் பழையதாகி, அதன் சுருள் தளர்ந்திருந்தால், நாம் இழுக்கும்போது ஷூ விரிவதற்குப் பதிலாக அவுட்டர் சுருங்குகிறது; கையில் பஞ்சை அழுத்துவதுபோல் ஓர் உணர்வு வருவது அதனால்தான். என் வண்டியில் கைப்பிடிக்குக் கீழே உள்ள முதல் வளைவில் அவுட்டரின் மேலுறை விரிசல் விட்டு, ஐப்பசி கார்த்திகை மழைநீர் உள்ளே இறங்கி, உள்கம்பி செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது. இழுத்தால் நகர்ந்தது, விட்டால் திரும்பவில்லை. லீவர் மாட்டியிருக்கும் ஆணியின் துளையோ முட்டை வடிவமாகத் தேய்ந்து, பிரேக் பிடிக்கும் முன்பே லீவர் வெறுமனே ஆடித் தீர்த்தது. புதிய உள்கம்பி, உள்ளே நைலான் குழாய் வைத்த நல்ல அவுட்டர், துளைக்கு ஒரு பித்தளைப் புஷ், இவ்வளவுதான் மாற்றினேன். அவுட்டரைத் தேவைக்கு மேல் நீளமாகவோ இழுத்துக் கட்டியோ வைக்காமல், கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எங்கும் மடியாதபடி விட்டேன்.

அடுத்தது, கேபிள் இழுக்கும் அந்தச் சிறு கை. இதைப் பட்டறைகளில் யாரும் கவனிப்பதில்லை. ஷூ டிரம்மைத் தொடும் கணத்தில் கேபிளும் அந்தக் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் கையின் முழு நீளமும் நெம்புகோலாகப் பயன்படும். லைனிங் தேயத்தேய, திருகை இறுக்கிக்கொண்டே போனால், கை சாய்ந்துகொண்டே போய், நாம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் கேபிள் கையைத் திருப்பாமல் அதன் நீளவாக்கில்தான் இழுக்கும். பட்டறைக்காரர் நான்கு சுற்று இறுக்கியபோது லீவர் மேலே வந்தது, பிரேக் மேலே வரவில்லை என்பதன் காரணம் இதுவே. திருகு முடியும் நிலையை எட்டிவிட்டால், அது லைனிங்கை மாற்றச் சொல்லும் செய்தி என்று கொள்ள வேண்டும். கேமின் தண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, மிகக் கொஞ்சமாகக் கிரீஸ் தடவினேன். அதிகம் தடவினால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும்.

லைனிங்கில் எண்ணெய் அல்லது கிரீஸ் இறங்கியிருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. பெட்ரோல் ஊற்றிக் கழுவுவதும், கொளுத்தி எரிப்பதும் நம் ஊர் வழக்கம். அந்தப் பிரேக் இரண்டு நாள் பிடிக்கும். உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய், டிரம் சூடேறியதும் மீண்டும் மேலே வந்துவிடும். அத்தகைய ஷூவை மாற்றிவிட வேண்டும். கூடவே, கிரீஸைக் கசியவிட்ட பேரிங் பக்கத்து ஆயில் சீலையும் மாற்ற வேண்டும். சீலை மாற்றாமல் புது ஷூ போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப்போன்றது. லைனிங் எண்ணெய் படாமல் மெருகேறி மட்டும் இருந்தால், உப்புத்தாளால் மேற்பரப்பை இலேசாகத் தேய்த்து, முன் விளிம்பைச் சற்றே சரித்துவிட்டால் போதும்.

இங்கே பட்டறைப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக ஒரு சொல். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவதையும், டயருக்குக் காற்று அடிக்கும் குழாயால் பீய்ச்சுவதையும் எல்லாப் பட்டறையிலும் காண்கிறேன். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக் கூடியது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினேழு பதினெட்டு வயதில் தொழில் கற்க வரும் பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை முதலாளிக்கு உண்டு.

டிரம்மைக் கடைவது என் சொந்தத் தொழில் சார்ந்தது. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டிரம்மில் ஷூ ஒட்டியிருந்த இடத்தில் துருத் தழும்பு இருக்கும், வட்டமும் கெட்டிருக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாகப் பிடித்தால், லீவர் விரலில் துடித்துத் துடித்து அடிப்பதிலிருந்து இதை அறியலாம். லேத்தில் கடையும்போது டிரம்மை வெளிவிளிம்பில் பிடித்துக் கடையக் கூடாது. அது அச்சில் அமரும் நடுத்துளையை ஆதாரமாக வைத்தே மையம் பார்க்க வேண்டும். தழும்பு மறையும் அளவுக்குமேல் ஓர் இழைகூட எடுக்கக் கூடாது. கடைந்தபின் டிரம்மின் வளைவு சற்றே பெரிதாகிவிடும் என்பதால், கடையில் வாங்கிய ஷூவை அப்படியே மாட்டினால் பழையபடி நடுவில் மட்டும்தான் தொடும். சற்றுத் தடித்த லைனிங் ஒட்டித் தரச் சொல்லி, டிரம்முக்குள் எமரித் தாளைச் சுற்றிவைத்து, அதில் ஷூவை உரசி உரசி வளைவைப் பொருத்த வேண்டும். நான் இதற்கு ஒரு முழுப் பிற்பகலைச் செலவிட்டேன். நான்காம் முறை சாக்குக்கட்டி தேய்த்துப் பார்த்தபோது, ஷூவின் முக்கால் வளைவுக்கும் மேல் வெள்ளை அழிந்திருந்தது. பேரன்தான் அதை முதலில் பார்த்துக் கூவினான்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத நேரான தார்ச்சாலையில், வேலை தொடங்கும் முன் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கையும் பிடித்து நிற்க எனக்கு 26 தப்படி ஆயிற்று, வேலை முடித்து, ஷூ நன்றாகப் படியும் வரை சில நாள் நிதானமாக ஓட்டியபின் அதே இடத்தில் 17 தப்படி. என் முதிய கால்களின் தப்படிக் கணக்கு இது. ஆய்வுக்கூடக் கணக்கு அன்று. ஆனால் அந்த ஒன்பது தப்படிக்குள் ஒரு மனிதர் நிற்க இடமிருக்கிறது.

டிஸ்க் பிரேக்காக மாற்றிவிட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஸ்கூட்டருக்கு டிஸ்க் புதிதன்று. 1962-இலேயே லாம்பிரெட்டாவின் டிவி 175 வண்டியின் முன் சக்கரத்தில் அது இருந்தது. முறையாகச் செய்தால் நல்ல பிரேக்தான். ஆனால் சேட்டக்கின் முன் சக்கரம் ஒரு பக்கத் தாங்கியில் மட்டுமே நிற்கிறது. வேறொரு வண்டியின் உதிரிப்பாகங்களை வெல்டு வைத்து அதில் மாட்டுகிறவர், அந்தத் தாங்கி எந்த விசையைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்தாரா என்பதே என் கேள்வி. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் வந்த விதிகளோ, வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. 1960-களில் பஜாஜ் தயாரித்த வெஸ்பா 150 வைத்திருப்பவர்கள் வெல்டிங் கம்பியைத் தொடும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கேபிளும் ஷூவும் டிரம்மும் ஒழுங்காக உள்ள வண்டியில் அந்த மாற்றத்துக்கு உண்மையில் தேவை இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

இளைஞர்களின் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில், ஒன்றைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ, சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயமாக உள்ளது. அத்தகைய கியர் இல்லாத ஸ்கூட்டரில் பழகிய பிள்ளையின் இடது கை, ஆபத்து வந்ததும் தானாகவே லீவரை இறுக்கும். சேட்டக்கில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச். அதை இறுக்கியதும் எஞ்சினின் பிடியும் விட்டுப்போய் வண்டி தடையின்றி ஓடும். தாத்தாவின் வண்டியை ஆசையாகக் கேட்கும் பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்கும் முன், வெறும் மைதானத்தில் ஒரு வாரமாவது வலது கையையும் வலது காலையும் பழக்க வேண்டும். முன் பிரேக்கைப் பறித்து இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக இறுக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். மணலிலும் சரளையிலும் வளைவிலும் அதை இலேசாகவே தொட வேண்டும். என் தந்தையார் சொன்ன அச்சத்தில் உண்மை இருப்பது அந்த இடங்களில்தான்.

15 ஆண்டு கடந்த சொந்த வண்டிகளின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் முன் பிரேக்கைத் தனியாக ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொல்லுமாறு வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் லீவரை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினால், சக்கரம் உருளாமல் நிற்க வேண்டும். உருண்டால் பிரேக் இல்லை என்று பொருள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். அழகப்பச் செட்டியார் விதைத்த கல்விக் கூடங்களால் பொறியியலும் தொழிற்கல்வியும் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர் காரைக்குடி. அப்பிள்ளைகள் தங்கள் ஆசிரியர்களோடு மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, வருகிற பழைய வண்டிகளின் கேபிளையும் லைனிங்கையும் பார்த்துக் கொடுத்தால், அவர்களுக்கும் அது நல்ல பாடமாக அமையும். சாக்குக்கட்டிகளை நான் வாங்கித் தருகிறேன்.

தை பிறந்ததும் குன்றக்குடிச் சாலையில் மீண்டும் காவடிகளும் பாதயாத்திரை செல்வோரும் இருட்டோடு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் இக்கடிதம் தங்கள் நாளிதழில் வெளிவந்தால், குறைந்தது சில வண்டிகளின் முன் சக்கரமாவது திறந்து பார்க்கப்படும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி.